கழுத்தோரக் காந்தம்: ஜாஸ் கிட்டாருக்கு எந்த பிக்கப்?

1958-இல் ஃபெண்டர் நிறுவனம் புதிய மின்கிட்டார் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயர் ஜாஸ்மாஸ்டர். கோட்டு சூட்டுடன் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும் ஜாஸ்காரர்களையும் தன் பக்கம் இழுத்துவிடலாம் என்பது லியோ ஃபெண்டரின் கணக்கு. மடியில் சரியாக உட்காரட்டும் என்று உடலைக் கோணலாக வெட்டினார்கள். அகலமான, தட்டையான கம்பிச்சுருள் கொண்ட புது பிக்கப்பைப் பொருத்தினார்கள். ஒரு சுவிட்சைத் தள்ளினால் ஒலி மங்கிக் கனியும்படி தனிச் சுற்றும் வைத்தார்கள். ஜாஸ்காரர்களில் பெரும்பாலோர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கலிஃபோர்னியக் கடற்கரையின் சர்ஃப் இசைக் குழுக்கள் அதை வாரிக்கொண்டன. பிறகு சோனிக் யூத் போன்ற இரைச்சல் ராக் குழுக்களின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது.

பெயர்ப் பலகையைப் பார்த்து பிக்கப் வாங்குகிறவர்களுக்கு இன்றும் இதே கதிதான். ஸீமோர் டங்கன் நிறுவனத்தின் 'ஜாஸ்' மாடல் ஹம்பக்கரை (இரட்டைச் சுருள் பிக்கப்) எத்தனையோ ஹார்ட் ராக் கிட்டார்களின் கழுத்துப் பக்கத்தில் பார்க்கலாம். ஆகவே ஜாஸ் ஒலிக்கு எந்த பிக்கப் என்று கேட்பவர் விலைப்பட்டியலை மூடிவைப்பது நல்லது. ஏறக்குறைய 90 ஆண்டுகளாக ஜாஸ் வாசித்தவர்களின் கையில் என்ன இருந்தது, அதை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் விடை தானாகத் துலங்கும்.

பிக்கப் எளிய சாதனம். ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி அளவே பருமனுள்ள செப்புக் கம்பி, சில ஆயிரம் சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல், அவ்வளவுதான். ஆனால் இந்த எளிமையில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. மைக் கேட்பதுபோல பிக்கப் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. தனக்கு நேர் மேலே இருக்கும் ஓர் அங்குலத் தந்தி எப்படி அசைகிறது என்பதை மட்டுமே அது கவனிக்கிறது. அதனால் எந்த பிக்கப் என்பதற்கு முன்னால், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வீணை வாசிப்பவர்களுக்கு இது புதிதல்ல. குதிரைக்கு ஒட்டி மீட்டினால் நாதம் ஒடுங்கிக் கூர்மையாகும். தள்ளி மீட்டினால் உருண்டு வரும். கிட்டாரிலும் பிரிட்ஜ் ஓரத்தில் தந்தியின் அசைவு சிறியது; அங்கே கேட்பதில் உயர்ந்த மேற்சுரங்களின் பங்கு அதிகம். கழுத்து முடியும் இடத்தில், அதாவது பிரிட்ஜிலிருந்து எண்ணினால் தந்தி நீளத்தில் ஏறத்தாழ கால்பங்கில், கதை வேறு. விட்ட தந்தியைத் தட்டினால் அங்கே அடிச்சுரமும் அதன் மேல்ஸ்தாயியும் வலுவாக அசையும். அடிச்சுரத்தின் நான்கு மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரம் அந்த இடத்தில் அசையவே அசையாது. விரல் வைத்து வாசிக்கும்போது இந்தக் கணக்கு நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது வேறு விஷயம். ஆனாலும் கழுத்தோரம் என்றால் உருண்டை, பிரிட்ஜோரம் என்றால் ஊசி என்ற பொது விதி மாறுவதில்லை. ஜாஸ் கிட்டார் என்று சொல்லும்போது நம் காதில் ஒலிப்பது பெரும்பாலும் கழுத்தோர பிக்கப்தான். கிப்ஸனின் ஆரம்பகால மின்கிட்டார்களில் ஒரே ஒரு பிக்கப்தான் இருந்தது. அதுவும் கழுத்துப் பக்கத்தில்.

கிட்டாருக்குக் காந்தம் தேவைப்பட்டதே சத்தம் போதாமல்தான். பெரிய பேண்டுகளின் காலத்தில் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் வரிசைகட்டி ஊதும்போது நடுவில் கிட்டார் தாளம் மட்டுமே போட முடிந்தது. கவுண்ட் பேஸியின் குழுவில் 1937 முதல் ஐம்பது ஆண்டுகள் வாசித்த ஃப்ரெடி கிரீன் அந்தத் தாள வேலையையே ஒரு கலையாக்கி, ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் பிக்கப் இல்லாத கிட்டாரோடு இருந்துவிட்டார். தனியாக ஒரு மெட்டை எடுத்து வாசிக்க ஆசைப்பட்டவர்களுக்கு அது போதவில்லை. ஜார்ஜ் போஷாம் வடிவமைத்து, 1932 வாக்கில் ரிக்கன்பேக்கர் விற்கத் தொடங்கிய 'வாணலி' கிட்டார்தான் காந்த பிக்கப்போடு கடைக்கு வந்த முதல் கருவி. அது மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் வகை. ஜாஸ்காரர்களுக்கு வாய்த்தது 1936-இல் கிப்ஸன் வெளியிட்ட இஎஸ்-150.

அந்தக் கிட்டாரின் பிக்கப்பைப் பிரித்துப் பார்த்தால் இன்றைய கண்களுக்குச் சிரிப்பு வரும். வால்டர் ஃபுல்லரின் வடிவமைப்பு. மேற்பலகைக்கு அடியில் நீண்ட, கனத்த இரண்டு காந்தப் பாளங்கள். அவை உருவாக்கும் புலத்தைத் தந்திகளுக்குக் கொண்டுபோக, சுருளின் நடுவே எழும்பி நிற்கும் ஒரு எஃகுத் தகடு. வெளியே தெரிவது அந்தத் தகட்டின் விளிம்பும், மொத்தத்தையும் பலகையோடு பிடித்திருக்கும் மூன்று திருகாணிகளும் மட்டுமே. சுருளுக்குப் பயன்பட்டது பின்னாளில் வழக்கமானதைவிடத் தடித்த கம்பி. பிறகு வந்தவற்றில் இரண்டாம் தந்திக்கு நேராக மட்டும் தகட்டில் ஒரு வெட்டு இருக்கும். மூன்றாம் தந்தியின் மேல் உலோகச் சுற்று இருந்த காலம் அது. சுற்றில்லாத இரண்டாம் தந்தி மற்றவற்றைவிட உரக்கப் பேசியது. குரல் உயர்த்துகிறவனைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தார்கள்.

இந்த பிக்கப்புக்குப் பெயர் கொடுத்தவர் சார்லி கிறிஸ்டியன். ஓக்லஹோமாவில் வளர்ந்த இளைஞர். 1939 ஆகஸ்டில் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்தார். 1942 மார்ச்சில், 25 வயதில், காசநோயால் இறந்தார். நடுவில் இருந்த இரண்டரை ஆண்டுகளில் கிட்டார் தாள வாத்தியம் என்ற நிலையை மாற்றிவிட்டார். அவருடைய நீண்ட ஒற்றைச் சுர வரிகள் லெஸ்டர் யங்கின் சாக்ஸஃபோனை நினைவூட்டும். 1941-இல் ஹார்லெமின் மின்டன்ஸ் விடுதியில் பதிவானவற்றைக் கேட்டால் ஒன்று புரியும்: அந்த ஒலி மங்கலானது அல்ல. தட்டிய கணத்தில் பளிச்சென்று துவங்கி, நடுவில் தடித்து, சட்டென்று அடங்குகிறது. ஓரத்தில் சின்னக் கரகரப்பும் உண்டு. அன்றைய வால்வ் ஆம்ப்கள் சற்றே திணறியதன் அடையாளம் அது. இன்று 'ஜாஸ் டோன்' என்று பலர் நினைக்கும் மெத்தென்ற ஒலிக்கும், அந்த மரபைத் தொடங்கியவரின் ஒலிக்கும் நடுவே கணிசமான தூரம் இருக்கிறது.

கிறிஸ்டியனுக்குப் பிறகு வந்தவர்கள் அந்த பிக்கப்பைக் கிப்ஸனே கைவிட்ட பின்னும் விடவில்லை. பார்னி கெஸ்ஸல் தன் இஎஸ்-350-இல் கிறிஸ்டியன் பிக்கப்பைப் பொருத்திக்கொண்டார். ஆயிரக்கணக்கான ஸ்டூடியோப் பதிவுகளுக்கு நடுவே அந்தக் கிட்டாரோடுதான் அவருடைய ஜாஸ் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

போர் முடிந்து 1946-இல் கிப்ஸன் பி-90-ஐ அறிமுகப்படுத்தியது. மேற்பலகைக்கு அடியில் கிடந்த பாளங்கள் போய், சுருளுக்குக் கீழே அடங்கும் இரண்டு சிறிய அல்நிகோ காந்தங்கள் வந்தன. அல்நிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகிய பெயர்களைச் சேர்த்துக் கட்டிய சொல். மெல்லிய 42 கேஜ் கம்பி சுமார் 10,000 சுற்று. ஒவ்வொரு தந்திக்கும் ஏற்றி இறக்கக்கூடிய தனித் திருகாணி; இரண்டாம் தந்தியின் வாய்த்துடுக்கை இனித் திருப்புளியாலேயே அடக்கலாம். 1949-இல் வந்த இஎஸ்-175-இன் கழுத்தோரம் இந்த பி-90 ஒன்று இருந்தது. ஜிம் ஹால் கையில் இருந்தது அப்படிப்பட்ட கிட்டார். 1962-இல் பில் எவன்ஸின் பியானோவோடு அவர் சேர்ந்து வாசித்த 'அண்டர்கரன்ட்' தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோவும் கிட்டாரும் மட்டும், வேறு யாரும் இல்லை. ஒன்றின் நாதம் இன்னொன்றை மூழ்கடிக்க எல்லா வாய்ப்பும் இருந்தும் ஒரு சுரம்கூடக் காணாமல்போவதில்லை. கார்டு வாசிக்கும்போது அதிலுள்ள நான்கு சுரங்களும் நான்காகவே கேட்கின்றன. பி-90-இன் பெருமை இதுதான்: தடிப்பாக இருக்கும், குழைந்து போகாது.

கிராண்ட் கிரீன் இன்னொரு வழியில் போனார். முழுக்க உள்ளீடற்ற இஎஸ்-330, அதில் பி-90. ஆம்பில் பாஸையும் டிரெபிளையும் வெகுவாகக் குறைத்து, நடு அலைவரிசையை மட்டும் ஏற்றிவிடுவார் என்று கிட்டார்காரர்கள் சொல்லிவருகிறார்கள். 1963-இல் பதிவான 'ஐடில் மொமன்ட்ஸ்' கேட்டால் அதை நம்பத் தோன்றும். ஒரே வகை பிக்கப்பில் ஜிம் ஹாலின் கண்ணாடியும் கிராண்ட் கிரீனின் தகரமும் கிடைக்கும் என்றால், பிக்கப்பின் பங்கு எவ்வளவு, ஆம்ப் குமிழின் பங்கு எவ்வளவு என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பி-90-க்கு ஒரு நோய் உண்டு. ஒற்றைச் சுருள் எதுவானாலும் சுற்றியுள்ள மின்கம்பிகளின் ரீங்காரத்தையும் சேர்த்து இழுத்துவிடும். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரத்தில் 50 ஹெர்ட்ஸ். மேற்கத்திய கணக்கில் 50 என்பது தாழ்ந்த ஜி சுரத்துக்குச் சற்றே மேலே விழுகிறது. ஜி-யில் வாசிக்காத நேரமெல்லாம் சுருதி சேராத ஒரு தம்புரா பின்னால் ஓடுவதுபோல. டிம்மர் போட்ட மேடை விளக்குகள் அருகே இருந்தால் இன்னும் மோசம். ஜாஸில் இது கூடுதலாக உறுத்தும், ஏனென்றால் மெதுவான பாடல்களில் மௌனமும் இசையின் ஒரு பகுதி.

இந்த நோய்க்கு மருந்து கண்டவர் கிப்ஸனின் ஸெத் லவர். பக்கத்துப் பக்கமாக இரண்டு சுருள்கள். காந்தத் துருவம் ஒன்றில் வடக்கு, ஒன்றில் தெற்கு. சுருள்களின் மின்திசையும் ஒன்றுக்கொன்று எதிர். தந்தியின் ஒலி இரண்டிலும் சேர்ந்து கூடும். வெளியிலிருந்து வரும் ரீங்காரம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கிடைத்தது 1959 ஜூலையில். 1957 முதல் கிட்டார்களில் ஏறிய இந்த ஹம்பக்கர்களின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளது' என்ற சிறு ஒட்டி இருக்கும். அதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் இன்று பக்தியோடு உச்சரிக்கப்படும் பிஏஎஃப். உரிமை கிடைத்த பிறகு கிப்ஸன் ஒட்டிய எண் இன்னும் வேடிக்கை. அது பிக்கப்பின் எண்ணே அல்ல. லெஸ் பாலின் தந்திப் பிடிப்பான் ஒன்றுக்குக் கிடைத்த காப்புரிமை எண்.

ஜாஸ் உலகம் ஹம்பக்கரை உடனே ஏற்றுக்கொண்டது. இண்டியானாபொலிஸின் வெஸ் மாண்ட்கோமரி, பிக் இல்லாமல் கட்டைவிரலால் வாசித்தவர், 1960-களில் தனக்கென்று கிப்ஸன் எல்-5 கிட்டாரைக் கழுத்தோரம் ஒரே ஒரு ஹம்பக்கரோடு செய்து வாங்கினார். அவர் ஒலியின் வெதுவெதுப்பை ஹம்பக்கர் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. அந்தக் கட்டைவிரலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்தக் கணக்கு நிற்காது. சதை தந்தியைத் தள்ளும்போது மேற்சுரங்கள் பிறக்கும் முன்பே அமுங்கிவிடுகின்றன. பிக்கப்புக்குக் குறைக்க அதிகம் மிஞ்சுவதில்லை. அதே ஹம்பக்கர், இஎஸ்-175, பிக்: அதுதான் ஜோ பாஸ். அதே இஎஸ்-175, ஆனால் இரண்டு ஆம்ப், இடையே சில மில்லிவினாடி எதிரொலி: அது பேட் மெதீனி. கண்ணை மூடிக் கேட்டாலும் இந்த மூவரையும் குழப்பிக்கொள்ள முடியாது.

ஹம்பக்கருக்கும் குறை இருக்கிறது. இரண்டு சுருள்கள் தந்தியின் இரண்டு இடங்களைப் பார்ப்பதால், சில உயர் மேற்சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. நல்ல ஆம்பில், நிதானமான சத்தத்தில் அது இதம். டிரம்ஸும் டபுள் பாஸும் முழங்கும் மேடையில் அதே இதம் சேறாகிவிடும்; தாழ்ந்த தந்திகளில் கார்டு வாசித்தால் எந்தச் சுரம் எது என்று தெரியாது. பிக்கப்பை மாற்ற வேண்டும் என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் தேவை, ஹம்பக்கரைத் தந்தியிலிருந்து சற்று இறக்கி, தாழ்ந்த தந்திப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ப்பதுதான். ஒரு திருப்புளியும் ஐந்து நிமிடமும் போதும்.

செதுக்கிய ஸ்ப்ரூஸ் மேற்பலகை கொண்ட ஆர்ச்டாப் கிட்டார்களுக்குக் கேள்வியே வேறு. வயலின்போல வளைத்துச் செதுக்கிய பலகை அது. அதில் ஓட்டை போட்டு, கனமான ஹம்பக்கரைத் தொங்கவிட்டால் பலகை பாதி ஊமையாகிவிடும். பலகையைத் தொடாமல் மிதக்கும் பிக்கப் பிறந்தது இதனால்தான். டொலீடோ நகரின் ராவ் நிறுவனம் தயாரித்த டிஆர்மண்ட் பிக்கப்கள் தந்திகளுக்குப் பக்கத்தில் ஓடும் ஒரு மெல்லிய கோலில் மாட்டியிருக்கும்; கழுத்துப் பக்கமோ பிரிட்ஜ் பக்கமோ தள்ளிக்கொள்ளலாம். கிட்டார்காரர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'கோலேறிய குரங்கு'. 1961-இல் ஜானி ஸ்மித் பெயரில் கிப்ஸன் கொண்டுவந்த கிட்டாரில் சிறிய ஹம்பக்கரைக் கழுத்தின் நுனியிலேயே பொருத்தினார்கள். சத்தக் குமிழையும் பலகையில் வைக்காமல், தந்திகளுக்குக் கீழே நீட்டிய தகட்டில் வைத்தார்கள். கருவி பலகையாகவே பாடும். காந்தம் ஓரமாய் நின்று எட்டிப் பார்க்கும்.

இப்படிப் பாடும் பலகைக்கு ஆபத்தும் உண்டு. ஆம்பின் சத்தம் பலகையை அதிரவைக்கும், பலகை தந்தியை அசைக்கும், தந்தி மறுபடி ஆம்புக்கே போகும், கடைசியில் ஊளை. கிப்ஸன் இஎஸ்-175-க்கு ஒட்டுப்பலகை மேபிளைத் தேர்ந்தது விலைக்காக மட்டுமே என்று சொல்ல முடியாது. அந்தப் பலகை சட்டென்று ஊளையிடாது. 1970-களின் பிற்பகுதியில் ஐபனெஸ் ஜார்ஜ் பென்சனுக்காக உருவாக்கிய ஜிபி-10 இரண்டையும் சேர்த்துப் பார்த்த கருவி: சின்ன உடல், மிதக்கும் சின்ன ஹம்பக்கர்கள். ஃபங்க் குழுவோடு நின்று உரக்க வாசிக்கவும் அது தாங்கியது. பெரிய உடல் கிட்டாரை வரவேற்பறையில் வாசிக்கிறவருக்கும், டிரம்ஸுக்கு மூன்றடி தள்ளி நிற்பவருக்கும் ஒரே பிக்கப்பைச் சிபாரிசு செய்வது வைத்தியமே ஆகாது.

இந்த வரலாற்றில் மிகவும் பயன்தரும் பக்கம் எது என்று கேட்டால், உள்ளே வெற்றிடமே இல்லாத பலகைக் கிட்டார்களின் பக்கம் என்று சொல்லலாம். காரணம், பெரும்பாலானவர்களின் வீட்டில் இருப்பது அதுதான். கனடாவின் எட் பிக்கர்ட் ஒரு சாதாரண ஃபெண்டர் டெலிகாஸ்டரை எடுத்து வாசித்தவர். கன்ட்ரி இசையின் கீச்சொலிக்குப் பெயர்போன கருவி அது. சாக்ஸஃபோன்காரர் பால் டெஸ்மண்டோடு 1970-களின் நடுவில் அவர் வாசித்ததைக் கேட்டால், பியானோவைப்போல விரியும் கார்டுகளை அந்தப் பலகையிலிருந்து எப்படி எடுத்தார் என்று வியப்பு வரும். பின்னாளில் கழுத்தோரத்தில் ஒரு ஹம்பக்கரைப் பொருத்திக்கொண்டார். கலிஃபோர்னியாவின் டெட் கிரீன், பிறகு பில் ஃப்ரிஸெல் என டெலிகாஸ்டர் ஜாஸ்காரர்களின் வரிசை நீளமானது. டெலிகாஸ்டரின் கழுத்தோரப் பிக்கப்பை மூடியிருக்கும் உலோகக் கவசமும் இதற்கு உதவுகிறது; அது உயர் அலைகளைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்கிறது. லியோ ஃபெண்டரே 1950-களின் டெலிகாஸ்டரில் சுவிட்சின் ஒரு நிலையில் மின்தேக்கி ஒன்றைச் சேர்த்து, பாஸ் கிட்டாரைப்போல மங்கலான ஒலியைக் கொடுத்துப் பார்த்தார். அதை மட்டும் யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை.

இங்கேதான் பெரிய மயக்கம் ஒன்றைத் தொட வேண்டும். டோன் குமிழை முழுக்கத் திருகி அடைத்துவிட்டால் ஜாஸ் என்று ஒரு நம்பிக்கை புழக்கத்தில் இருக்கிறது. கம்பளிக்குள் கிட்டாரைச் சுருட்டியதுபோன்ற ஒலிதான் அதில் கிடைக்கும். ஜோ பாஸின் 'வர்ச்சுவோஸோ' தொகுப்பில் கேட்பது பெருமளவு மைக் வழியாகப் பதிவான தந்தியின் சொந்த ஒலி. பிக் தந்தியைத் தட்டும் சத்தம்கூடக் கேட்கிறது. இன்றைய ஜூலியன் லாஜ், கொலிங்ஸ் நிறுவனம் அவர் பெயரில் செய்த கிட்டாரில் ரான் எல்லிஸ் சுற்றிய ஒற்றைச் சுருள் பிக்கப்களை வைத்து வாசிக்கிறார். பளிங்குபோல் தெளிவான ஒலி. யாரும் அதை ஜாஸ் இல்லை என்று சொன்னதில்லை. ஜாஸ் ஒலியின் அடையாளம் இருட்டு என்று சொல்வதைவிட, தட்டியவுடன் சுரம் முழுதாக நிற்பதும், கார்டில் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்பதும், நெடுநேரம் நீளாமல் அடங்குவதும் என்று சொல்வது பொருந்தும். உள்ளீடற்ற உடலுக்கு அந்த அடக்கம் இயல்பு. பலகைக் கிட்டாரில் அதைக் கையால்தான் வரவழைக்க வேண்டும்.

பிக்கப் தனியாக வேலை செய்வதும் இல்லை. சுருளின் தூண்டல்திறனும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அலைவரிசையைத் தூக்கிக் காட்டும்; அதற்கு மேலே எல்லாம் சரிந்துவிடும். பழைய வகை ஹம்பக்கரின் தூண்டல்திறன் ஏறக்குறைய 4.5 ஹென்றி. கேபிளையும் சேர்த்துத் தேக்கம் 500 பிக்கோஃபாரட் என்று வைத்தால் அந்த உச்சி சுமார் 3,350 ஹெர்ட்ஸில் நிற்கும். நீளமான கேபிள் போட்டு 700 ஆக்கினால் 2,800 பக்கம் இறங்கிவிடும். கேபிளை மாற்றினாலே பிக்கப்பை மாற்றியதுபோல ஒலிப்பது இதனால்தான். வால்யூம் குமிழின் மதிப்பும் அப்படியே: ஹம்பக்கருக்கு வழக்கமான 500 கிலோ ஓமுக்குப் பதில் 250 போட்டால் அந்த உச்சியின் கூர்மை மழுங்கும். கடைக்காரரிடம் சில நூறு ரூபாய்க்கு முடியக்கூடிய வேலை.

விளம்பரங்களில் பெரிதாக அச்சாகும் எண் வேறு: மின்தடை. 7 கிலோ ஓம், 9 கிலோ ஓம், 14 கிலோ ஓம். எண் கூடினால் பிக்கப் உரக்கப் பேசும் என்று நம்பி வாங்குகிறார்கள். தடித்த கம்பியில் சுற்றிய கிறிஸ்டியன் பிக்கப் இந்த நம்பிக்கையை உடைக்கப் போதும். அதன் மின்தடை சுமார் 2.5 கிலோ ஓம்தான். குரலோ கனமானது, ஏனென்றால் அடியில் கிடக்கும் காந்தங்கள் அப்படி. ஒரே கேஜ் கம்பி, ஒரே வகைக் கட்டமைப்பு என்றால் மட்டுமே மின்தடையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்போதும் ஜாஸுக்கு வேண்டியது குறைந்த பக்கம்தான். 14-ஐத் தாண்டிய ஹம்பக்கர்கள் ஆம்பைத் திணறவைக்கவே பிறந்தவை. பழைய பிஏஎஃப்-கள் 7 முதல் 9-க்குள் அடங்குகின்றன. அல்நிகோ 2 மென்மை, அல்நிகோ 5 கூர்மை என்ற பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வேறுபாடு டோன் குமிழில் ஒரு சிறு திருப்பத்துக்கு மேல் பெரிதில்லை.

தந்தி இன்னும் பெரிய விஷயம். ஜாஸ் கிட்டாரின் பழைய பதிவுகளில் ஒலிப்பது பெரும்பாலும் மேற்பரப்பு தட்டையாகச் சுற்றிய, ஃப்ளாட்வவுண்ட் தந்தி. பருமன் 12 அல்லது 13-இல் தொடங்கும். மூன்றாம் தந்தியும் சுற்றுள்ளது. விரல் சறுக்கும் சத்தம் இல்லை, மேற்சுரங்கள் சீக்கிரம் அடங்கும். வெண்கலச் சுற்றுள்ள அக்கூஸ்டிக் தந்திகளைக் காந்த பிக்கப் உள்ள கிட்டாரில் போட்டுவிட்டு, சுற்றில்லாத முதல் இரண்டும் மட்டும் கத்துகின்றன என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். வெண்கலத்தைக் காந்தம் கண்டுகொள்ளாது. உள்ளே இருக்கும் எஃகு மையத்தை மட்டும்தான் பிக்கப் கேட்கிறது.

இத்தனைக்கும் பிறகு பிக்கப் வாங்கத்தான் வேண்டும் என்றால், கையில் உள்ள கிட்டாரே வழி சொல்லும். ஒட்டுப்பலகை ஆர்ச்டாப்போ, நடுக்கட்டை வைத்த பாதி உள்ளீட்டுக் கிட்டாரோ இருந்தால், குறைந்த சுற்றுள்ள பிஏஎஃப் வகை ஹம்பக்கர் கழுத்தோரத்தில் போதும். ஸெத் லவரோடு சேர்ந்து ஸீமோர் டங்கன் செய்த மாடல் அந்தப் பழைய சுருளுக்கு நெருக்கமானது. பழைய பிஏஎஃப்-களைப்போலவே அதில் மெழுகு ஊற்றவில்லை. காற்றுத் ததும்பும் ஒலி கிடைக்கும், உரத்த மேடையில் ஊளையிடவும் செய்யும். செதுக்கிய பலகை இருந்தால் அதில் ஓட்டை போட வேண்டாம். மிதக்கும் பிக்கப் ஒன்றைக் கழுத்து நுனியில் பொருத்துவதே மரியாதை. பலகைக் கிட்டார் என்றால் முதலில் இருப்பதையே வைத்துப் பார்க்கலாம். ரீங்காரம் பொறுக்க முடிகிறவருக்கு, இந்தக் கட்டுரையின் தீர்ப்பில், பி-90-ஐ விஞ்ச ஒன்றுமில்லை: ஒற்றைச் சுரமும் கார்டும் இரண்டுமே அதில் தெளிவாக நிற்கின்றன. கிறிஸ்டியன் வகை பிக்கப்களை லாலர் போன்றவர்கள் இன்று டெலிகாஸ்டர் கழுத்திலும் ஹம்பக்கர் குழியிலும் அடங்கும் அளவில் செய்கிறார்கள். பலகைக்கடியில் கிடந்த அந்தப் பெரிய காந்தங்களுக்கு அங்கே இடமில்லை. ஒலி ஜாடையில் ஒத்திருக்கும், அச்சு அசலாக இருக்காது. டெலிகாஸ்டரில் அதை வைக்கப் பெரும்பாலும் மரத்தைக் கொஞ்சம் செதுக்க வேண்டும், அதைத் திரும்ப ஒட்ட முடியாது.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். 12-இல் தொடங்கும் ஃப்ளாட்வவுண்ட் செட் ஒன்று போடுங்கள். கழுத்தோர பிக்கப்பை, கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி தந்திக்குக் கீழே மூன்று நான்கு மில்லிமீட்டர் வரை இறக்குங்கள். டோன் குமிழைப் பாதியில் நிறுத்துங்கள், ஆம்பில் பாஸைக் குறையுங்கள். பிக்கை உள்ளங்கைப் பக்கம் சற்றுத் தள்ளி, கழுத்து முடியும் இடத்துக்கு மேல் தட்டுங்கள். அதற்கும் மனம் ஆறவில்லை என்றால் பிக்கப் கடைக்குப் போகலாம்.